ஒட்டிப்போன கேஸ்கட்

செஞ்சிக் கோட்டையடியில் இருந்த தன் ஷெட்டில் காஸ்பர் தனியாக, டாக்டருடைய பழைய காரின் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, புகை கசியாமலிருக்க இடையில் வைத்து இன்ஜினோடு ஒட்டிப்போயிருந்த கேஸ்கட் அட்டையை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். அது நகத்தளவு துண்டுகளாகத்தான் பெயர்ந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை ஆஸ்பெஸ்டாஸ் அட்டையில் வெட்டிப் பசை தடவியவள் அவன் மனைவி மரியசெல்வி.

"இன்னாத்துக்கு இவ்ளோ பசை? நாளைக்கு எவன் கழட்டறது?" என்று அன்றைக்கு அவன் கத்தினான்.

"கழட்டறப்போ திட்டிக்கோ," என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மதியம்வரை சுரண்டியும் ஒரு வசவுகூட அவன் வாயில் வரவில்லை. பெயர்ந்த துண்டுகளைப் புது அட்டைமேல் பொருத்திவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தான். வெட்டுவதற்கு அவளுடைய தையல் கத்தரிக்கோலை எடுத்தான். அதன் வளையத்துக்குள் அவன் கட்டைவிரல் நுழையவில்லை.

அப்போதுதான் அவளை வாய்விட்டுத் திட்டினான்.