அஹாத்தி

ஈரத் துணியால் அம்மாவின் கால்விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த கேமி, எழுத்தர் இரண்டாவது முறை கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"பேரு என்னம்மா? மசி காயுது."

"ஹெனுத்செனெப்னு எழுதுங்க," என்றார் அப்பா பெந்து. படகுக்காரன் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். மேற்குக் கரை மணலில் அம்மாவுக்குக் குழி தயாராக இருந்தது.

"அதை எழுதாதீங்க," என்றாள் கேமி.

ஹெனுத்செனெப் என்றால் 'எசமானி சுகமாக இருக்கிறாள்' என்று அர்த்தம். சிறைபிடித்து வந்த எபிரேயப் பிள்ளைகளைத் தறிக்கூடத்தில் சேர்த்த அன்று பெரிய வீட்டில் அம்மாவுக்கு வைத்த பெயர் அது. நாற்பது வருடமாக யார் அம்மாவைக் கூப்பிட்டாலும் வாழ்த்து எசமானிக்குத்தான் போனது. வாழ்த்து பலிக்கவும் செய்தது. எசமானிக்கு எண்பது தாண்டியும் ஒரு பல் விழவில்லை. அம்மாதான் இன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள்.

கேமிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. மார்மேல் கட்டும் துணியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் செத்தவர்கள் வாழும் அக்கரையில் ரொட்டியும் பார்லிக் கள்ளும் போய்ச் சேரும். இனியாவது அம்மாவின் ரொட்டி அம்மாவுக்கே கிடைக்க வேண்டும்.

"அவங்களுக்குன்னு சொந்தப் பேரு இருக்கு. அஹாத்தி. மாமா அப்படித்தான் கூப்பிடுவாரு."

"அப்படியா? என்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டீங்களாப்பா?"

பெந்து ஈரத் துணியை அவள் கையிலிருந்து வாங்கி அம்மாவின் மறு காலைத் துடைத்தார்.

எபிரேயப் பேச்சைப் பிள்ளைக்குச் சொல்லித்தரக் கூடாது என்பது பெரிய வீட்டின் கட்டளை. அதனால் கேமிக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அம்மாவின் தம்பி சக்கூர் செங்கல் களத்திலிருந்து எப்போதாவது வருவார். தெருமுனையிலிருந்தே "அஹாத்தி!" என்று கத்துவார். அம்மா மாவுக் கையோடு ஓடுவாள். வேறு யார் கூப்பிட்டும் அம்மா அப்படி ஓடிக் கேமி பார்த்ததில்லை.

எழுத்தர் நாணலை மசியில் தொட்டு, உச்சரித்து உச்சரித்து எழுதினார். "வெளிநாட்டுப் பேருன்னா கடைசியில எறிஞ்சு அடிக்கிற வளரிக் கட்டை ஒண்ணு வரையணும். வரையவா?"

"எதுக்கு? எங்கம்மா யாரை அடிச்சாங்க?"

"அதுதாம்மா வழக்கம்."

"பொம்பள உருவம் மட்டும் போடுங்க, போதும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே போட்டார்.

மசி காய்வதற்குள் சக்கூர் வந்துவிட்டார். முழங்கைவரை சேறு. துக்கத்துக்கு எபிரேயர் செய்வதுபோல மேலாடையை நெஞ்சருகே கிழித்திருந்தார். பழக்க தோஷத்தில் வாசலிலிருந்தே "அஹாத்தி..." என்று ஆரம்பித்தவரின் குரல் பாதியில் உடைந்தது. பாயில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

கேமி துணியை அவர் முன் விரித்தாள். "மாமா, அவங்க பேரையே எழுதிட்டோம். பெரிய வீட்டுப் பேரு இல்ல."

"எந்தப் பேரு?"

"அஹாத்தி."

சக்கூர் அவளையே பார்த்தார். சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அடி பைத்தியமே! அஹாத்தின்னா எங்க பேச்சுல அக்கான்னு அர்த்தம்டி."

எழுத்தர் கையிலிருந்த நாணலைக் கீழே வைத்தார்.

"அப்ப அவங்க பேரு என்ன மாமா?"

சக்கூர் அம்மாவின் பாதத்தை விடவில்லை. "என்னை இடுப்புல தூக்கிட்டு வந்தாடி அவ. எனக்கு ரெண்டு வயசு. எங்க அம்மா அவளை ஏதோ சொல்லிக் கூப்பிடுவா. நான் அக்கான்னுதானே கூப்பிட்டேன்? எனக்குத் தெரியாதும்மா."

"பெரியவனான பிறகு கேக்கலியா?"

"ஒரு தடவ கேட்டேன். 'உனக்கு அக்கா போதாதாடா'ன்னு சிரிச்சுட்டா."

"முப்பது வருஷம் ஒரே பாயில படுத்திருக்கேன்," என்றார் பெந்து.

எழுத்தருக்கு மனம் இளகிவிட்டது. "வேற துணி குடும்மா, பழைய பேரையே எழுதித் தர்றேன். அக்கான்னு போட்டா, அந்தக் கரையில எத்தன அக்கா இருப்பாங்க? ரொட்டி யாருக்குன்னு போகும்?"

கேமி துணியைப் பார்த்தபடி இருந்தாள். அம்மா பெயரில்லாமல் போகப் போகிறாள். பிறகு குனிந்து அம்மாவின் மார்மேல் துணியை வைத்து இறுக்கி முடிந்தாள்.

"நாங்க கூப்பிட்டா வருவாங்க. போதுங்க."

படகு வந்துவிட்டதென்று துறையிலிருந்து குரல் கேட்டது. கிளம்புமுன் வீட்டார் ரொட்டி வைத்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேமி அம்மாவின் தலைமாட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, "அஹாத்தி, வாங்க, சாப்பிடுங்க," என்றாள். அடுத்தது பெந்துவின் முறை. நாக்கு புரளாமல், "அஹாத்தி, வா," என்றார். கட்டிய மனைவியை அவர் அக்கா என்று கூப்பிட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை சக்கூர் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த பாயில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.