எழில்மொழியின் பத்து நாள்

எழில்மொழி பத்து நாளும் பயிற்சிக்கு வந்தாள் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அவள் போனது இரண்டே நாள். மீதி எட்டு நாளையும் நானாக இட்டுக்கட்டினேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. பெரிய புண்ணியம் தேடிக்கொண்ட மாதிரி ஒரு வாரம் மிதப்பாகத் திரிந்தேன். என்னை மாதிரி ஆளை நாலு பேர் நடுவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியை நான். மின் பொறியியல் பாடம். பெயர் இருதயம்மாள், பிள்ளைகளுக்கு இருதயம் மிஸ். ராயபுரத்தில் வீடு, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம். எங்கள் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பரில் பத்து நாள் ஏதாவது ஒரு தொழிற்கூடத்துக்குப் போய் வேலை கற்றுக்கொண்டு வர வேண்டும். சுற்றறிக்கையில் அதற்கு உள்ளுறைப் பயிற்சி என்று பெயர். பிள்ளைகள் வாயில் அது டிரெய்னிங். இடம் பிடித்துக் கொடுப்பது, நடுவில் ஒருநாள் போய்ப் பார்ப்பது, வருகைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் என் தலையில்தான்.

அந்த வருஷம் வகுப்பில் ஆறு பெண்கள். ஐந்து பேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சென்டர், ஜெராக்ஸ் கடை என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மின் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு ஜெராக்ஸ் கடையில் என்ன பயிற்சி என்று நானும் கேட்கவில்லை, மேலே இருப்பவர்களும் கேட்கவில்லை. எழில்மொழி மட்டும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் கணக்கு எனக்குத் தெரியும். காமராஜர் துறைமுகம் போகிற வழியில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அப்ரண்டிஸாக எடுப்பார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தர வேலை. இதுவரை ஒரு பெண்ணைக்கூட எடுத்ததில்லை. முதல் பெண் தானாக இருக்க வேண்டும் என்று பதினோராம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. அதற்கான கையும் அவளுக்கு இருந்தது. ஒயரை உரித்து அவள் முறுக்கி வைத்தால் நான் மறுபடி தொட வேண்டியிருக்காது.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் மஜீது பாயின் பட்டறை. நல்ல மனுஷன், பேச்சிலும் சுத்தம். அங்கே சேர்த்துவிட்டேன். நாலாம் நாள் பார்க்கப் போனேன். பார்க்கப் போனேன் என்றால் வாசல்வரை. வார்னிஷ் நாற்றமும் கீழே கொட்டிக் கிடந்த எண்ணெயும் புடவைக்கு ஆகாது என்று உள்ளே கால் வைக்கவில்லை. பாய் வெளியே வந்து, பெண் இரண்டு நாள் நன்றாகத்தான் வேலை பார்த்தாள், நேற்றிலிருந்து வரவில்லை என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

இங்கேதான் என் மண்டை வேலை செய்ய ஆரம்பித்தது. எழில்மொழி வீடு எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில். அம்மா பச்சையம்மா கன்டெய்னர் யார்டில் ஹவுஸ்கீப்பிங். அப்பா டிரெய்லர் லாரி டிரைவர். போதாதா? அப்பன் குடித்துவிட்டு விழுந்து கிடப்பான், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கும், இவளை எங்கேயோ கூலி வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வருவதற்குள் முழுக் கதையையும் நானே எழுதி, நானே கண்ணையும் துடைத்துக்கொண்டேன். கைப்பையில் போன் இருந்தது. அவள் அம்மாவின் நம்பரும் அதில் இருந்தது. கூப்பிடவில்லை. ஏழைப் பிள்ளையைத் தோண்டித் துருவி நோகடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பத்தாம் நாள் படிவத்தோடு மறுபடி பட்டறைக்குப் போனேன். வராத பெண்ணுக்கு சீல் போட பாய் தயங்கினார்.

"வராத புள்ளைக்கு எப்டி டீச்சர் போடறது? நாளைக்கு யாருனா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

யாரும் கேட்கப்போவதில்லை, ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கை பாய் என்று நான் கெஞ்சியும் அதட்டியும் சீலை வாங்கினேன். சான்றிதழில் என்ன எழுதுவது என்பதையும் நானே சொன்னேன். காயில் கட்டுதல், நன்று. மெக்கர் சோதனை, மிக நன்று. மோட்டாரில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்தான் மெக்கர். எங்கள் பள்ளியில் இருந்த ஒன்று பழுதாகி மூன்று வருஷம் ஆகிறது. அதை எழில்மொழி கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துதான் எழுதவைத்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். மிஸ், டிரெய்னிங் பத்தி ஒண்ணு சொல்லணும் என்றாள். முகம் வாடியிருந்தது. நான் அவள் தோளைத் தட்டி, எனக்கு எல்லாம் தெரியும், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கையெழுத்து வாங்கிவிட்டேன், போய்ப் படி என்றேன். பிறகு தேங்க்ஸ் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாய் திறக்க வந்தவளை வாயடைத்து அனுப்பிவிட்டு, பிள்ளைக்கு எவ்வளவு நன்றி பார் என்று நான் பக்கத்து நாற்காலி டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. மதிப்பெண்ணும் என் சான்றிதழும் சேர்ந்து வேலை செய்தன. பள்ளியில் தலைமையாசிரியர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பச்சையம்மா அவளுக்குப் புது சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுத்திருந்தாள். எழில்மொழி அதைப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனாள்.

ஆறாவது நாள் கம்பெனியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

தகவல் பள்ளிக்கு வந்ததும் கம்பெனிக்கு ஓடினேன். பொறியாளர் ரவிக்குமார் நாற்பது வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். சர்வீசுக்கு வந்த ஒரு கிரேன் மோட்டாரை மெக்கர் வைத்துப் பார்க்கச் சொன்னாராம். எனக்குத் தெரியாது சார், நான் இதைத் தொட்டதே இல்லை என்று எழில்மொழி நேராகச் சொல்லிவிட்டாள். சான்றிதழில் மிக நன்று என்று இருக்கிறதே என்று பட்டறைக்குப் போன் போட்டிருக்கிறார். மஜீது பாய் சொன்னபடியே பொய் சொல்லவில்லை, யார் எழுதவைத்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

"தெரியாதுன்னு வந்திருந்தா கத்துக் கொடுத்திருப்போம் மேடம். அப்ரண்டிஸ்னா அதுக்குத்தானே? ஆனா பொய் சர்டிபிகேட் கொண்டு வந்தவளை எப்படி கிரேன்கிட்ட விடுறது? கீழ ஆளுங்க நிக்குறாங்க."

யார் இதைச் செய்து கொடுத்தது என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தாராம். அவள் வாயைத் திறக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பென்ஷனும் நினைவுக்கு வந்தது. சின்னப் பெண், பார்த்து ஏதாவது செய்யுங்கள் சார் என்று பொதுவாக முனகிவிட்டு எழுந்து வந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்ததுபோல் ஒன்று கிடையாது.

அங்கிருந்து நேராக எர்ணாவூர். குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவள் அப்பா குணசேகரன். குடிகாரன் என்று நான் முடிவு கட்டியிருந்தேனே, அந்த ஆள். உட்காருங்கள் டீச்சர் என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, அவரே டீ போடப் போனார். பச்சையம்மா கல்லுமாதிரி இருந்தாள், ஒரு நோயும் இல்லை. எழில்மொழி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்களாண்டயும் ஒண்ணும் சொல்லல மிஸ்," என்றாள் பச்சையம்மா. "தினமும் கரெக்டா கெளம்பிப் போச்சு, அஞ்சு மணிக்கு வூட்டுக்கு வந்துச்சு. பட்டறைக்குப் போவலன்றதே இப்போதான் எங்களுக்குத் தெரியும். இன்னாடி ஆச்சு, மிஸ்ஸாண்டயாவது சொல்லு."

எட்டு நாளும் விம்கோ நகர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்தாளாம். ஏன் என்று கேட்டேன். ஆறு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்பா அடுக்களைக்குள் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அங்க பாத்ரூம் இல்ல மிஸ். ஆம்பளைங்க அல்லாரும் பின்னால கால்வா பக்கம் போறாங்கோ. மொத நாளு தண்ணியே குடிக்காம ஓட்டிட்டேன். ரெண்டாவது நாளு பீரியட்ஸ் வந்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் நவுராம ஒரே எடத்துல குந்திகினு காயில் சுத்திகினு இருந்தேன். அப்பறம் போவ முடில."

பச்சையம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரலில் கோபம் வேறு.

"உங்களாண்ட சொல்லத்தான் மிஸ் வந்தேன். எல்லாம் தெரியும்னீங்க. பட்டறையில பாத்ரூம் இல்லாதது உங்களுக்குத் தெரியும், அதனாலதான் கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்கன்னு நெனச்சுகினேன்."

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு இருப்பது தாழ்ப்பாள் இல்லாத ஒரே கழிப்பறை. இருபத்திரண்டு வருஷமாகக் காலையிலிருந்து நாலு மணிவரை தொண்டையை நனைக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் குடித்துப் பழகியவள் நான். சிறுநீரகத்தில் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவள். எந்த மண்டைக்காவது இது முதலில் தோன்றியிருக்க வேண்டுமென்றால் அது என்னுடையது. எனக்கோ அவள் குடும்பத்தின் வறுமைதான் தோன்றியது. குணசேகரன் கொண்டுவந்து கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன்.

திரும்பும் வழியில் பட்டறையில் இறங்கினேன். அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனேன். மஜீது பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் மேலே ஏறிப்போன இரும்புப் படிக்கட்டைக் காட்டினார்.

"மேலதான எங்க வூடு கீது. பொஞ்சாதி கீறா, ரெண்டு பொண்ணுங்க கீது. ஒரு வார்த்தை யாருனா கேட்டிருந்தா மேல அனுப்பிச்சிருப்பேனே டீச்சர். எனுக்கும் தோணலியே."

பாவம், அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவளைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நானே எடுத்துப் போனேன். பொய் என்னுடையது, பெண்ணுக்கு அதில் பங்கில்லை, என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று எழுதியிருந்தேன். ரவிக்குமார் இரண்டு தடவை படித்தார். நேற்று நீங்கள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் மேலே பேசிப் பார்த்திருப்பேன் மேடம் என்றார். நான் போன பிறகு சாயங்காலம்தான் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பையனுக்கு ஆர்டர் அனுப்பியிருக்கிறார்கள். காலையில் அவன் வந்து சேர்ந்தும்விட்டான். அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். அந்தந்த வருஷம் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம்.

கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியரிடமும் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வருஷ ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். அவ்வளவுதான். எனக்கு ஆனது அவ்வளவுதான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எழில்மொழி இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போனவள் உள்ளே எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவள் இன்னும் எனக்கு மரியாதை கொடுக்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல மிஸ்," என்றாள். "மோட்டார் வேலை மாதிரி இல்ல. ஆனா பாத்ரூம் கீது. சேர்றப்பவே கேட்டுகினுதான் சேர்ந்தேன்."