ஒரு விரல் தூரம்

துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் கெரம் போட்டியின் கடைசி ஆட்டம். வெல்கிறவர் கொழும்புப் போட்டிக்குப் போவார். போன இரண்டு வருடமும் அந்த இடத்தை ஞானசேகரம் ஜவ்பரிடம்தான் பறிகொடுத்தார்.

ஜவ்பர் கிண்ணியாக்காரன். போட்டி வந்தால் மட்டும் பலகையைத் தொடுவான். தொட்டால் காய் விழும். ஞானசேகரம் அப்படியல்ல. மூட்டை இறக்கிய தோள் வலியோடு தன் ஊரான சல்லிக்குப் போய், வீட்டில் தனியே இருந்து அடித்து அடித்துப் பழகியவர். பலகைக்குத் தூவ, மூட்டை சுமக்கும்போது சட்டையில் படிந்த கோதம்பமாவை உதறிச் சேர்த்து வைத்திருந்தார்.

மண்டபத்தில் அன்று கடைப் பவுடர் தூவியிருந்தார்கள். ஞானசேகரம் அடித்த காய்கள் குழியைத் தப்பி, சட்டத்தில் மோதித் திரும்பி ஓடின.

"என்னண்ணே, மூட்டை எறியிற மாதிரி எறியிறீங்க," என்றான் ஜவ்பர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கை அதுக்குத்தானே பழகினது. நீ உன்ர அடியைப் பார்."

ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார். கடைசியில் ஆளுக்கு ஒரு காய்தான் மிச்சம். ஜவ்பரின் காய் அவன் பக்கத்துச் சட்டத்தை ஒட்டிக் கிடந்தது. அதை விழுத்த வேண்டுமென்றால் ஸ்ட்ரைக்கர் எதிர்ச்சட்டத்திலும் பக்கச்சட்டத்திலும் மோதித் திரும்பி வர வேண்டும்.

அந்த அடியை ஞானசேகரம் மாரிக்காலம் முழுக்க அடித்துப் பார்த்திருந்தார். ஸ்ட்ரைக்கர் சரியாகத்தான் வரும். காய்க்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிடும். மனிசரால் ஏலாத அடி என்று கைவிட்டுவிட்டார்.

ஜவ்பர் யாருடனோ கதைத்துக்கொண்டே சுண்டினான். டக். டக். காய் குழிக்குள் போனது.

தோற்றுப்போனது ஞானசேகரத்துக்கு உறைக்கவே இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்து நின்றார்.

"தம்பி, இன்னொருக்கா அடி, பாப்பம்."

காயை அதே இடத்தில் வைத்தார்கள். ஜவ்பர் அடித்தான், தப்பியது. திரும்ப அடித்தான், கிட்டவும் வரவில்லை.

"ஏலாதண்ணே. எப்பிடி அடிச்சனெண்டு எனக்கே தெரியாது. தானா வந்தது."

ஞானசேகரம் விரலால் பலகையைத் தடவிப் பார்த்தார். மா மாதிரி அப்பவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அந்த ஒரு விரல் தூரத்தைப் பிடித்து வைத்திருந்தது எதுவென்று அப்போதுதான் விளங்கியது. கதிரையில் அமர்ந்து, வீட்டில் அடிக்கிற அதே பலத்தில் அடித்தார்.

டக். டக். விழுந்தது.

"இன்னொருக்கா," என்றான் ஜவ்பர். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஜவ்பர் பலகைக்கு நேரே முகத்தை வைத்துக் குந்தியிருந்தான்.

"எனக்கு ஒருக்கா வந்துட்டுப் போயிட்டுது," என்றான் மெல்ல. "உங்களிட்ட இருக்கண்ணே."

கொழும்புக்குப் பெயர் பதிய அவனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. காயை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.