பதினெட்டு மில்லிமீட்டர்

எடைக்காரர் குடும்பம் வீடு வாங்கிக் குடிவந்த அன்று அவர்களுடைய கட்டில் தரையில் இறங்கவில்லை. நான்கு கால்களும் தரைக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் மேலே நின்றன. லாரியோடு வந்த சுமை ஆட்கள் இரண்டு முறை தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது முறைக்குத் தனிக் கூலி என்று சொன்னதும், அப்படியே இருக்கட்டும் என்று விடச் சொல்லிவிட்டார் எடைக்காரர். உயரத்தை அளந்து சொன்னவரும் அவரேதான். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை வைப்பது அவர் வேலை. குத்துமதிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். கட்டிலுக்குப் பிறகு பீரோ, சாப்பாட்டு மேசை, மூன்று நாற்காலி, செருப்பு அடுக்கும் பலகை என்று எல்லாவற்றின் அடியிலும் அளவுகோலை விட்டுப் பார்த்தார். எல்லாம் பதினெட்டு. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை என்பதில் அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

அன்று ஆண்டின் கடைசி நாள். அதற்குள் வாங்கி, அதற்குள் குடியும் வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ஓட்டமும். சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு வீட்டுவரி பாதி. வாங்கிப் பூட்டி வைப்பவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் முழு வரி. கடைசி நாள் பொழுது சாயும்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். எடைக்காரரின் சம்பளமும், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்யும் அவர் மனைவியின் சம்பளமும் சேர்ந்து வங்கித் தவணையையும் பாதி வரியையும் தாங்கும். முழு வரியைத் தாங்காது. மூன்று வருட வரி நின்றுபோனால் வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்று வரி அலுவலகச் சுவரிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். விற்றவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். விலை பேசி முடித்த பிறகும் பிடி கொடுக்காமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார். கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய், அறை அறையாக உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கடைசி நாளன்று அவரைக் கையோடு பத்திர அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார் எடைக்காரர். அங்கே வரிசை தெருமுனை தாண்டி நின்றது. ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் வீடு வாங்க ஞாபகம் வந்திருந்தது. மூன்றே முக்காலுக்குக் கையெழுத்தானது. பேனாவை மூடிக்கொண்டே பல் மருத்துவர், "வீடு கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். போகப் போகப் பழகிடும்," என்றார். எடைக்காரர் தலையாட்டினாரே தவிரக் காதில் வாங்கவில்லை. அவர் மனசெல்லாம் வாசலில் நிற்கும் லாரியில் இருந்தது.

அதற்கு முன் இருபத்து மூன்று வருடத்தில் அவர்கள் பதினொரு வாடகை வீடுகளில் இருந்தவர்கள். ஒரு வீட்டிலும் ஆணி அடித்ததில்லை. நாட்காட்டியை ஜன்னல் கம்பியில்தான் மாட்டுவார்கள், கண்ணாடியை பீரோவில் சாய்த்து வைப்பார்கள். கட்டில் கால்களுக்கும் நாற்காலிக் கால்களுக்கும் மனைவி கம்பளித் துண்டு வெட்டி ஒட்டியிருந்தாள். நாற்காலியை யாரும் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று மகளுக்கு நடை பழக்கும்போதே குதிகால் படாமல் நடக்கப் பழக்கினார்கள். அந்தப் பெண் பதினேழு வயதிலும் அப்படித்தான் நடந்தாள், கீழ்வீடே இல்லாத இந்த வீட்டிலும். பதினொரு வீடு காலி செய்தபோதும் எந்த வீட்டுக்காரரும் முன்பணத்தில் ஒரு காசு பிடித்ததில்லை. மனைவிக்கு அதில் கொள்ளைப் பெருமை, கேட்டவரிடமெல்லாம் சொல்வாள்.

சாமான்கள் மேலே நிற்பதால் அன்றாடத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கட்டிலில் படுத்தால் தூக்கம் வந்தது, மேசையில் வைத்த தட்டு வைத்த இடத்தில் இருந்தது. பெருக்கும்போது துடைப்பம் தடையில்லாமல் அடியில் போய் வருவது வசதிதான் என்று மனைவியே ஒப்புக்கொண்டாள். தெருவில் உள்ளவர்கள் ஒரு வாரம் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு குழாயில் தண்ணீர் வராமல் போகவே இதை மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர் வரி ஆய்வாளர் ஒருவர்தான். ஆண்டின் முதல் வாரத்தில் வந்தார். வழுக்கைத் தலை, கையில் எழுதும் அட்டை, அட்டையில் மஞ்சள் தாள்கள். மரியாதையான மனிதர், கொடுத்த தண்ணீரை நின்றபடி குடித்தார். குடியிருக்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வரிக்காக ஒரு நாள் மட்டும் சாமானைக் கொண்டுவந்து போட்டு ஏமாற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வழி அது. ஒரு மஞ்சள் தாளை உருவி, கட்டில் காலுக்கும் தரைக்கும் நடுவில் செருகுவார். நாலு நாள் ஆட்கள் படுத்து எழுந்த கட்டிலென்றால் தாள் போகாது. இங்கே ஒரு காலுக்கு அடியில் விட்ட தாள் மறு பக்கம் வந்தது. நான்கு காலுக்கும் வந்தது. அது மட்டுமில்லை, கட்டில் கால்களுக்கு நேர் கீழே, பல் மருத்துவரின் கட்டில் முப்பது வருடம் நின்று பதிந்த நான்கு குழிகள் தெளிவாக இருந்தன.

"வீட்டு மேல உங்க பாரம் இறங்கலையே சார். நான் என்னன்னு எழுதுறது?"

"ராத்திரி பகலா இங்கதான் இருக்கோம். பக்கத்துல கேட்டுப் பாருங்க," என்றார் எடைக்காரர்.

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. எழுதுறதுக்கு ஏதாவது வேணும்ல?" என்று சொல்லிவிட்டு, குழிகளைப் பார்த்து, குடியிருப்பவர் பழைய உரிமையாளர் என்று எழுதினார். அந்த வருடம் முழு வரி வந்தது.

எடைக்காரர் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து இருபது கிலோ இரும்புப் படிக்கற்கள் பன்னிரண்டைக் கொண்டுவந்து கட்டிலில் அடுக்கினார். கட்டில் முனகியது, இறங்கவில்லை. அதே படிக்கற்களைத் தரையில் வைத்தால் தரையில் நின்றன. அலுவலகச் சாமானுக்கு இந்த வீட்டில் இருக்கிற உரிமைகூட எங்கள் சாமானுக்கு இல்லையா என்று அவர் மனம் விட்டுப்போனது. தராசைக் கொண்டுவந்து கட்டில் காலை அதன் மேல் வைத்தார். கால் தராசுத் தட்டுக்கும் பதினெட்டு மில்லிமீட்டர் மேலே நின்றது, முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. தராசைப் பிரித்துச் சோதித்தார். தராசு சரியாகவே இருந்தது. புதிதாக ஒரு நாற்காலி வாங்கிப் பார்த்தார்கள். கடை ஆள் இறக்கி வைத்தபோது தரையில் நின்ற நாற்காலி, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல் தாண்டியதும் மேலே வந்துவிட்டது.

இதற்கிடையில் சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. மனைவி ஒரு துண்டுச் சீட்டில், 'வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். எட்டு நாள் அந்தச் சீட்டு அங்கேயே இருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். ஒன்பதாம் நாள் மகள்தான், "யாரும்மா வீட்டுக்காரர்?" என்று கேட்டாள். மனைவி சீட்டைக் கிழித்துப் போட்டாள். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தபோதும், உள்ளே விடலாமா என்று ஒரு கணம் வாசலில் தயங்கினாள்.

மூன்றாம் வருடம் மகள் ஒற்றைக் காலில் நின்றாள், சுவரில் ஒரு ஆணி அடித்தே தீர வேண்டும் என்று. ஆணி அடித்தால் வீடு நம்மை நம்பும், கட்டில் இறங்கும் என்பது அவள் எண்ணம். அது மோசமான எண்ணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் முன்னறையில் கூடினார்கள். மனைவி இடது கையில் ஆணியைப் பிடித்துச் சுவரில் வைத்தாள், வலது கையில் சுத்தியல். சுத்தியலை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"அடிம்மா."

"சுவரு வீணாப் போயிடுமேடி."

"போகட்டும். யாரு கேக்கப் போறா?"

மனைவி யோசித்தாள். கேட்க யாருமில்லைதான். ஆனாலும் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கை கீழே வந்துவிட்டது. பிறகு எடைக்காரர் வாங்கி அடித்தார், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது மாதிரி மெதுவாக. ஆணி ஒரு சுண்ணாம்புத் துகளைக்கூட உதிர்க்காமல் கீழே விழுந்து உருண்டது. இந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுத்தியல் பிடித்த அந்தக் கையை நினைத்துப் பார்த்த பிறகு வரவில்லை.

முழு வரியை இரண்டு வருடம் எப்படியோ கட்டினார்கள். எடைக்காரர் ஸ்கூட்டரை விற்றுவிட்டு, படிக்கல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கால் தேய நடந்தார். மனைவி இரண்டு வேளை தட்டச்சு செய்ததில் அவள் விரல்கள் மேசையில் சும்மா இருக்கும்போதும் அசைந்துகொண்டிருந்தன. மூன்றாம் வருடத்திலிருந்து கட்ட முடியவில்லை. ஆய்வாளர் வருடா வருடம் முதல் வாரத்தில் வந்தார், தாளை விட்டார், தாள் மறு பக்கம் வந்தது. நான்காம் வருடம் பல் மருத்துவர் இறந்துபோனார். எழுதுவதற்கு வேறு பெயர் இல்லாததால் ஆய்வாளர் அவர் பெயரையே தொடர்ந்து எழுதினார். ஐந்தாம் வருடம் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வாடகை அறையில் தங்கினாள். போன மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"அப்பா, இங்க என்னோட ஸ்டூல் தரையில நிக்குது. பேப்பர் வச்சே பார்த்துட்டேன்."

"நல்லா இறங்கி நிக்குதா?"

"நல்லாவே நிக்குதுப்பா," என்ற மகள் அழத் தொடங்கினாள். எடைக்காரர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கட்டிலின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போனது. மகள் சொன்னதற்கு என்ன பொருள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் வருடக் கடைசியில் வீடு ஏலத்தில் போனது. எடுத்தவர் ஒரு முட்டை மொத்த வியாபாரி. முட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற பார்வையிலேயே வீட்டையும் சுற்றிப் பார்த்தார். எடைக்காரரும் மனைவியும் கட்டிய மூட்டைகளோடு நடுக்கூடத்தில் நின்றார்கள். போக இடம் பார்த்திருக்கவில்லை, பார்க்கத் தெம்பும் இல்லை. சுவரெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு வியாபாரி அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஆணி இல்ல, ஒரு கீறல் இல்ல. ஆறு வருஷமா இங்க யாரு குடியிருந்தா?"

"நாங்கதான்," என்றாள் மனைவி. ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டு, பதிலை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

"அப்ப நீங்க எதுக்குப் போகணும்? வாடகைக்கு இருந்துக்குங்க. உங்கள மாதிரி ஆளு எனக்கு எங்க கிடைக்கும்? ஆனா இப்பவே சொல்லிடறேன், சுவத்துல..."

"ஆணி அடிக்க மாட்டோம்," என்றாள் மனைவி.

"சாமானை..."

"இழுக்க மாட்டோம். தூக்கித்தான் வைப்போம்."

வியாபாரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்தானது, முன்பணம் பாதிதான் கேட்டார். அவர் வாசல் தாண்டிப் போன பிறகு, மாலை ஐந்தரை மணி சுமாருக்குக் கட்டில் இறங்கியது. பெரிய சத்தமில்லை, களைத்த மனிதர் உட்காரும் சத்தம்தான். அதன் பின் பீரோ, மேசை, நாற்காலிகள் என்று ஒவ்வொன்றாக, வாங்கிய வரிசையிலேயே இறங்கின. கடைசியாக வாங்கிய நாற்காலி கடைசியில் இறங்கியது. பீரோவுக்குள் பாத்திரங்கள் ஒருமுறை குலுங்கி நின்றன. எடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். தன் எடை முழுவதும் கால் வழியாகத் தரைக்குப் போவது அவருக்குத் தெரிந்தது. எழுபத்தொரு கிலோ. அவர் அழுதார். அது சந்தோஷ அழுகை இல்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாதீங்க," என்றாள்.

ஐந்து நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். ஏலம் போன செய்தி அவருடைய பதிவேட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வழக்கம்போல மஞ்சள் தாளை உருவிக் கட்டில் காலடியில் செருகினார். நுனி மட்டும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். போகவில்லை, வெளியே இழுத்தால் வரவுமில்லை. ஆறு வருடமாக அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். "இறங்கிடுச்சு சார்! இறங்கிடுச்சும்மா!" என்று சொல்லிக்கொண்டே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார், பல் மருத்துவரின் பெயரை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். "பேரு சொல்லுங்க சார். உரிமையாளர் பேரு, குடியிருக்கிறவர் பேரு, ரெண்டும் ஒண்ணுதானே?"

எடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க வாடகைக்குங்க," என்றார் எடைக்காரர்.

ஆய்வாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார், நாற்காலி ஆடாமல் நின்றது. போகும்போது தாளை எடுக்கக் குனிந்தார், அது காலடியில் அழுந்திப் பிடித்திருந்தது. கிழித்து எடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலில் ஒட்டியிருந்த கம்பளித் துண்டு எப்போதோ தேய்ந்துவிட்டது, தாள் இருந்தால் தரையில் தடம் விழாது என்று மனைவி அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறாள்.