எதிர்க்கட்சியின் கண்ணீர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. வேளச்சேரியில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் ரெஜிலா, துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. எழுதப்போகிறேன் என்றதும், "எழுது. ஆனா என்னப் பாவமாட்டு எழுதாத" என்றாள். அதனால் முதலில் எழுதிய தொடக்கத்தைக் கைவிட்டேன்:

"கடியப்பட்டணத்துக் கடலை நினைக்கும்போதெல்லாம் ரெஜிலாவின் கண்கள்—"

இல்லை. அவள் கடலை நினைப்பதே இல்லை. ஊரைவிட்டு வந்தவர்கள் கடலைத்தான் நினைக்க வேண்டும் என்பது எழுதுகிறவர்கள் கட்டிவிட்டது. அவள் நினைப்பது ஒரு பழைய வேனை. கதவு சரியாக மூடாது; ஒருவர் பிடித்துக்கொண்டே வரவேண்டும். கல்லூரி நாட்களில் அவளும் டெல்வினும் சேர்ந்து நடத்திய வீதிநாடகக் குழு அந்த வேனில்தான் ஊர் ஊராகப் போனது.

2

மேம்பாலம் வராத மார்த்தாண்டம் அது. சந்திப்பில் டெல்வின் தப்புப் பறையை எடுத்து அடித்தால் சனம் நின்றுவிடும். (வண்டியே நகராத ஊரில் நாடகத்துக்குக் கூட்டம் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) நாடகத்தில் டெல்வின்தான் மந்திரி. ஒல்லியாக இருந்தவன், ரெஜிலாவின் துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொள்வான். வசனமெல்லாம் அவள் எழுதியது.

"என் தாய்மாரே! உங்கள் கண்ணீரைத் துடைக்க வந்தேன். துடைத்தும் விட்டேன். இனி யாராவது அழுதால், அது எதிர்க்கட்சியின் கண்ணீர்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். உடனே கூட்டத்துக்குள்ளிருந்து ரெஜிலா கையைத் தூக்குவாள்: "அய்யா, ஒரு சந்தேகம்!" மந்திரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். நாடகம் முடியும்.

பிறகு பரோட்டா. பிறகு சண்டை. உலகம் அந்த வருடமே மாறிவிடும் என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. எந்த மாதம் என்பதில்தான் தகராறு.

[காதலா என்று கேட்டேன். "தோழமை" என்றாள், சுத்தமான எழுத்துத் தமிழில். அப்படி ஒரு சொல் அவள் வாயில் நான் வேறெப்போதும் கேட்டதில்லை.]

3

ரெஜிலா சென்னைக்கு வந்தாள். பகலில் ஷாம்பூவுக்கு விளம்பர வாசகம். ஞாயிற்றுக்கிழமைகளில், குளிரூட்டிய அரங்கில் புரட்சி. "நாம் களத்தில் இறங்க வேண்டும்" என்று அவள் மைக்கில் முழங்கிய அன்று நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ வரும்வரை அத்தனை தோழர்களும் களத்தில் இறங்காமல் படிக்கட்டிலேயே நின்றார்கள். அதைச் சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, "வேன்ல அந்தக் கதவப் பிடிச்சிட்டு போனப்ப இதவிட நனைஞ்சிருக்கேன், தெரியுமா" என்றாள்.

இடையில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. டெல்வின் நின்றான், ஜெயித்தான், கவுன்சிலர் ஆனான். எந்தக் கட்சி என்று எழுதினால் உங்களில் பாதிப்பேர் இங்கேயே கதையை மூடிவிடுவீர்கள். மீதிப்பேர் வேறு காரணத்துக்காகத் தொடர்வீர்கள். ஊர்ப் பெயரும் வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு ஊர், போதும்.

"வாழ்த்துகள் தோழர்" என்று அவனுக்கு ஃபோனில் தட்டச்சு செய்த ரெஜிலா, அனுப்புவதற்கு முன் "தோழர்" என்பதை மட்டும் அழித்தாள்.

4

அந்த ஊர்ச் சந்திப்பில் மீன் விற்கும் பெண்களில் ஒருவர் லீமா, ரெஜிலாவின் சித்தி. பேருந்து நிழற்குடை கட்டவேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் நகரசபை அவர்களை எழுப்பிவிட்டது. ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்த ரெஜிலாவிடம் லீமா சொன்னார்: "அவன் உனக்க கூட்டுக்காரன்தானே மக்கா. ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்."

டெல்வின் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் மனுவோடு நின்றார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"ஏட்டி! எப்ப வந்தா?"

"சித்திக்க எடத்த எடுத்துப்போட்டு, 'எப்ப வந்தா'ன்னா கேக்குக?"

"சபைக்குள்ள நான் எதுத்துதான் பேசினேன். ஒத்த ஆளு."

"வெளிய கேக்கல்லியே."

"வெளிய பேசினா அடுத்த தடவ சீட்டு இல்ல. நான் இல்லண்ணா மேட்டுத்தெருவுக்கு குடிதண்ணி யாரு கொண்டு வந்திருப்பா? நீ ஃபேஸ்புக்ல கொண்டு வந்திருப்பியா?"

மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் வந்தது உண்மை. அவள் விசாரித்திருந்தாள். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

5

அந்த வாரமே நிழற்குடைத் திறப்பு விழா. ரெஜிலா லீமாவோடு கூட்டத்தில் நின்றாள். வெள்ளைச் சட்டையில் டெல்வின் மைக்கைப் பிடித்தான். இப்போது துப்பட்டா தேவையில்லாத வயிறு.

"என் தாய்மாரே! உங்கள் கண்ணீரைத் துடைக்க வந்தேன்..."

ரெஜிலா அடுத்த வரியை வாய்க்குள் சொன்னாள்.

"துடைத்தும் விட்டேன். இனி யாராவது அழுதால், அது எதிர்க்கட்சியின் கண்ணீர்!"

ஒரு சொல் மாறவில்லை. கூட்டம் கைதட்டியது. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். ரெஜிலா மட்டும் சத்தமாகச் சிரித்தாள். டெல்வின் அவளைப் பார்த்தான். நிறுத்தினான். அவள் கை தானாக மேலே போனது.

"அய்யா, ஒரு சந்தேகம்! மீன் விக்கிய பெண்ணுங்க இனி எங்க இருப்பாங்க?"

அவன் ஓடவில்லை. மைக் ஒரு கீச்சுச் சத்தம் போட்டு அடங்கியது.

"வெயிலு ஜாஸ்தி. அந்தப் பிள்ளைக்கு ஒரு சோடா குடுங்க" என்றான்.

கூட்டம் சிரித்தது. அவள் எழுதிய எந்த நகைச்சுவைக்கும் அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. யாரோ உண்மையாகவே சோடா கொண்டுவந்து நீட்டினார்கள். குடித்தாளாம். "தாகமாட்டு இருந்தது ஏட்டி, என்ன செய்ய?"

6

இங்கே கதாநாயகியை லீமா கட்டிப்பிடித்து அழுவதாக எழுதியிருந்தேன். நடந்தது வேறு. லீமா அவளிடம் கேட்டார்:

"என்னத்துக்கு அவன நாலுபேருக்கு முன்ன நாணம் கெடுத்தா? நீ நாளைக்கு ரயிலேறிப் போவா. நான் அவனுட்டதானே போயி நிக்கணும்?"

ரெஜிலா மறுநாள் ரயிலேறினாள். இரண்டாம் வாரம் லீமா ஃபோன் செய்தார். நிழற்குடைக்குப் பின்பக்கம், காலையில் மட்டும் இருந்துகொள்ளலாம் என்று இடம் கிடைத்திருக்கிறது. டெல்வின் நேரில் வந்து நின்று குப்பையை வாரச் சொன்னானாம். "கொள்ளாம் மக்கா, நல்ல எடம்தான். ஆனா பொறத்தால இருக்கியதுனால ஆளுக்குத் தெரியாது. கூவித்தான் விக்கணும்."

இது வெற்றியா என்று ரெஜிலா என்னிடம் கேட்டாள். நான் ஷாம்பூ விளம்பரம்கூட எழுதாத ஆள். எனக்கு என்ன தெரியும்?

7

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், டெல்வின் தெரிந்தேதான் அதைப் பேசினான். மேடையில் இருந்தவர்களை அவர்கள் முன்னாலேயே கேலி செய்தான். அந்தக் கேலி ஊரில் ஒருத்திக்குத்தான் புரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றில், அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. அது தன்னுடைய சொந்த வசனம் என்றே நம்புகிறான்.

ரெஜிலா இரண்டையும் படித்தாள். "ரெண்டும் அவனாட்டுதான் இருக்கு. அதாக்கும் சங்கடம்."

மூன்றாவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது நேற்று டெல்வின் அழைத்தான். கவுன்சிலர்களுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு, சென்னைக்கு வந்திருக்கிறான், வீட்டுக்கு வரலாமா? வா என்றாள். அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதிக்கிறது. இந்த வீட்டில் மீன் கூடாது என்பது வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு போட்ட நிபந்தனை. இன்று எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. வேன் காலத்துத் தாளம் ஒன்றை அடுக்களை மேடையில் கரண்டியால் தட்டிக்கொண்டே, அவனிடம் முதலில் என்ன கேட்பது என்று அவள்—

மணி அடிக்கிறது.

நான் எழுந்தேன். அடுக்களையிலிருந்து குரல்: "ஏட்டி, தொறக்காத. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நிற்கிறான். நான் திரும்ப உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் அடிக்கிறான். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.