ஆங்கிலம்: முப்பத்தாறு

பிப்ரவரி மாதம். காலை பத்து மணி.

மடிக்கணினித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் ஒரே நொடியில் ஒரே தேர்வு முடிவுப் பக்கத்தைத் தட்டினால் வேறென்ன செய்யும், சுற்றத்தான் செய்யும்.

"முதல்ல உன்னோடது" என்றான் கெங் ஹாவ்.

"ஏன்டா? பேரு வரிசைப்படி பார்த்தா நீதான் முன்னாடி."

"பெய் லான்! தட்டுடீ!"

என் கணவன் என் பெயரை முழுசாகக் கூப்பிட்டால் பயப்படுகிறான் என்று அர்த்தம். தட்டினேன்.

முதுகலை நுழைவுத் தேர்வு எங்கள் வீட்டுக்கு நான்காவது ஆள் மாதிரி. நாங்கள் இரண்டு பேர், மாமனார், அப்புறம் அது. போன வருடம் இருவருமே தோற்றோம். இது இரண்டாவது படையெடுப்பு. குளிர்பெட்டிக் கதவில் கெங் ஹாவ் ஒரு தாள் ஒட்டியிருந்தான். அரசியல் நூறு, ஆங்கிலம் நூறு, கணிதம் நூற்றைம்பது, துறைப்பாடம் நூற்றைம்பது. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஆக மொத்தம் ஐந்நூறு. அதற்குக் கீழே சிவப்பு மையில்: 'மொத்தம் மட்டும் போதாது!'

ஆமாம், போதாது. மொத்த மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்ச்சிக் கோடு. அதைத் தாண்டினாலும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே ஒரு கோடு. நானூறு வாங்கியவன்கூட ஏதோ ஒரு பாடத்தில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தால் நேர்முகத்துக்குக் கால் வைக்க முடியாது.

தாத்தோங் நகரத்தில் நான் தரை ஓடு விற்கும் கடையில் விற்பனைப் பெண். அவன் வேலையில்லாதவன். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க வெந்நீர் அனுப்பும் நகரக் குழாய் நிறுவனத்தில் முப்பது வருடம் உழைத்த மாமனார், மகனுக்காக அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். "மார்ச் கடைசி வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவங்க வேற ஆளப் பாத்துருவாங்க" என்று சோற்றுக்கிண்ணத்தைப் பார்த்தே சொல்வார்.

எங்களுக்குள் ஒரு சத்தியம். படிக்கப் போனால் இருவரும் தியான்ஜினுக்கு. இல்லையென்றால் இருவரும் இங்கேயே.

வட்டம் நின்றது.

"முன்னூத்தி அம்பத்தொண்ணு!" என்று கத்தினேன். "ஆங்கிலம் அம்பத்தெட்டு! டேய், அம்பத்தெட்டு!"

அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். பாட்டரி போன பொம்மை மாதிரி சட்டென்று நின்றான்.

"இப்ப உன்னோடது" என்றேன்.

"அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அப்பாவுக்குப் போன் பண்ணு."

"டேய், வெளையாடாத." அவனுடைய தேர்வு எண்ணை நானே அடித்தேன். எனக்கு மனப்பாடம்.

மொத்தம் முன்னூற்று எழுபத்திரண்டு. என்னைவிட இருபத்தொன்று அதிகம். கணிதம் நூற்று முப்பத்தொன்று. அரசியல் எழுபத்து நான்கு. துறைப்பாடம் நூற்று முப்பத்தொன்று.

ஆங்கிலம் முப்பத்தாறு.

நான் திரையைத் துடைத்தேன். அது முப்பத்தாறாகவே இருந்தது.

"தப்பு... கூட்டுறதுல தப்பு பண்ணியிருக்காங்க. மறுகூட்டலுக்கு எழுதிப் போடலாம். பயிற்சித் தேர்வுல நீ அறுபதுக்குக் கீழ வாங்குனதே இல்லையே!"

"தப்பு இல்ல லான்." குரல் நிதானமாக வந்தது. அதிர்ச்சியடைந்தவனின் குரல் இல்லை அது. "சரியாத்தான் போட்டிருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தான்.

"எப்பத்துலேர்ந்து?"

"சனிக்கிழமை சாயங்காலம். மணி அடிக்கறதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடி."

ஆங்கிலத் தாளில் கட்டுரை இரண்டு. சின்னது பத்து மதிப்பெண், பெரியது இருபது. விடைத்தாளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, சின்னதன் பெட்டி முதலில். பெரியதுக்கு மதிப்பெண் அதிகம், அதனால் மூளை களைக்கும் முன் அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்பது கெங் ஹாவின் வியூகம். எனக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை பெரிய கட்டுரையை முதலில் எழுதினான். முதலில் இருந்த பெட்டியிலேயே எழுதிவிட்டான். சின்னது பெரியதன் பெட்டிக்குப் போய்விட்டது.

"அறையில நின்ன வாத்தியாரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே! அம்புக்குறி போட்டு மாத்திக்காட்டியிருக்கலாமே!"

"அம்புக்குறி போட்டா அடையாளம் வச்சிட்டான்னு தாளையே தள்ளிருவாங்க. வேற தாளும் தர மாட்டாங்க." மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னான். "தாள எந்திரம் துண்டு துண்டா படம் எடுக்குது. ஒரு வாத்தியாருக்கு இந்தப் பெட்டி, இன்னொருத்தருக்கு அந்தப் பெட்டி. இவரு பாக்குறது அவருக்குத் தெரியாது. ரெண்டு பேருமே சம்பந்தமில்லாத கட்டுரையைப் பாத்துட்டு சைபர் போட்டிருக்காங்க. முப்பது போச்சு. மிச்ச எழுபதுல முப்பத்தாறு. கணக்கு சரியா இருக்கா?"

"மறுநாள் ரெண்டு தேர்வு எழுதுனியே... எதுக்கு எழுதுன?"

"நான் எழுந்து வந்திருந்தா நீயும் எழுந்து வந்திருப்ப."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேர்வு முடிந்த இந்த இரண்டு மாதமும் 'நேர்முகத்துக்குத் தயாராவோம்' என்று தினமும் சாயங்காலம் என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டான். வெப்பக் கடத்தலைக் கேட்டான். ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னான். நான் கொட்டாவி விட்டேன், சண்டை போட்டேன், எழுந்து போய் சூரியகாந்தி விதை கொறித்தேன். திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தான். ஒரு நாள்கூட அவன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

தேர்ச்சிக் கோட்டை அறிவிக்க இன்னும் மூன்று வாரம். ஆங்கிலத்துக்கு இந்த முறை முப்பத்தாறாக இறங்கிவிடும் என்று நானே ஒரு கோட்டை மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன்.

மார்ச் நடுவில் வந்தது. ஆங்கிலம்: முப்பத்தெட்டு.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "மொத்தத்துல இவன்தானே ஜாஸ்தி?"

"ஆமா மாமா."

"அப்ப இவளுக்கு எப்படி இடம், இவனுக்கு எப்படி இல்ல?"

கெங் ஹாவ்தான் விளக்கினான், பொறுமையாக, இரண்டு தடவை. கிழவர் தலையாட்டிவிட்டு, மகனின் கிண்ணத்தில் ஒரு இறைச்சித்துண்டை வைத்தார்.

"மேற்கு மாகாணங்கள்ல கோடு கம்மி" என்றேன் அன்றைக்கு. "அங்க லான்சோ பல்கலைக்கழகத்துக்கு மாத்தி விண்ணப்பிக்கலாம். முப்பத்தாறு அங்க போதும். நானும் தியான்ஜின வேணாம்னுட்டு அங்க வர்றேன்."

"பாத்துட்டேன். நம்ம துறையில அங்க காலி இடம் இல்ல." என் தலையில் லேசாகக் குட்டினான். "சத்தியத்தையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு. நான் குழாய் பாக்கப் போறேன்."

மார்ச் முப்பதாம் தேதி வேலையில் சேர்ந்தான். அதே வாரம் நான் தியான்ஜினில் நேர்முகத்துக்குப் போனேன். ஐந்து பேராசிரியர்கள். கேட்ட ஏழு கேள்வியில் ஐந்து, அவன் ஏற்கெனவே கேட்டவை.

ஏப்ரல் முதல் வாரம் இணையத்தில் வந்து நின்றது: 'சேர்க்கைக்குத் தேர்வு. ஏற்கிறீர்களா? ஏற்றபின் மாற்ற இயலாது.' மாலை ஆறு மணிக்குள் அழுத்த வேண்டும். அவன் நீல நிறச் சீருடையை மாட்டிக்கொண்டு, பழைய குடியிருப்பில் குழாய் உடைந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினான். அவன் கைப்பேசி ஒலிக்கவே இல்லை. யார் வந்து சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு அழுத்தினேன். அவனை அழைத்தேன்.

"அழுத்திட்டியா?"

"ம்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கெங் ஹாவ்?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "குளிரு. நீ போற செப்டம்பர்ல அங்க இவ்வளவு இருக்காது. கனமான போர்வைய எடுத்துட்டுப் போகாத, இங்கயே இருக்கட்டும்."

"எந்தத் தெருவுல இருக்க? நான் வர்றேன்."

"வேணாம் லான்" என்றான். "கொஞ்ச நேரம் வேணாம்."