இரண்டு தோட்டா குறைவு

சனிக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் ஓரின் கராஜுக்குப் போய் மறுநாள் துப்பாக்கி சுடும் போட்டிக்கான மேகசின்களில் தோட்டா நிரப்புவான். நிரப்பி முடித்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு கோதுமை வயல் ஓரமாக நடக்கப் போவான். அவன் தொப்பி வேலிக்கு அப்பால் மறைந்த பிறகு லீட்டா கராஜுக்குள் நுழைவாள். அவன் நிரப்பிய மேகசின் ஒவ்வொன்றையும் காலி செய்து, தோட்டாக்களைப் பழைய துண்டின் மேல் பரப்பி, ஒவ்வொன்றின் மூக்கையும் பார்ப்பாள். பிறகு மறுபடி நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

சொந்தக் கணவனிடமே திருட்டுத்தனம். அதுவும், அடுத்தவர் மேகசினைத் தொட்டால் யாரானாலும் வெளியே அனுப்பிவிடும் துப்பாக்கிச் சங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறவள் செய்கிற திருட்டுத்தனம். போன இலையுதிர் காலத்திலிருந்து அவளுக்கு இதுதான் பிழைப்பாக இருந்தது.

அந்தச் சங்கத்தின் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அவனவன் மேகசினை அவனவனே நிரப்ப வேண்டும். பெண்டாட்டி நிரப்பக் கூடாது, அண்ணன் தம்பி நிரப்பக் கூடாது. நிரப்ப முடியாதவன் சுடும் கோட்டில் நிற்கவும் கூடாது. மொன்டானாவில் வேறு சங்கங்களுக்குப் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே யாரும் சிரிப்பதில்லை. காரணம், சங்கத் தலைவன் டெல்பர்ட்டின் வலது கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் துணி இருக்கிறது.

டெல்பர்ட்டுக்கு அன்றைக்கு மேகசின் நிரப்பிக் கொடுத்தது அவன் தம்பி. ஆசையாகத்தான் செய்தான். மெலிந்த தோட்டாவுக்கான ரைபிளில் தடித்த தோட்டா ஒன்று ஏறிவிட்டது. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்று, நீளம் ஏறத்தாழ ஒன்று, மேகசினும் ஒன்று. மூக்கு மட்டும்தான் வேறு. மெலிந்த குழாய்க்குள் தடித்த மூக்கு போக வழியில்லாமல், ரைபிள் டெல்பர்ட்டின் முகத்துக்கு நேராக வெடித்தது. கண்ணை இழந்தவன் திரும்பி வந்துவிட்டான். தம்பிதான் அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் அன்பளிப்பைப் படியில் வைத்துவிட்டுப் போகிறான்.

ஓரினுக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் வாதத்தில் முடங்கியபோது இந்தச் சட்டம்தான் குறுக்கே வந்து நின்றது. மேகசினின் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தோட்டாவை அழுத்த அவனால் முடியவில்லை. பத்துத் தோட்டா போடுவதற்குள் முகம் வியர்த்துவிடும். அப்போதுதான் லீட்டா அந்த லோடரை வாங்கி வந்தாள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி. மேல் தட்டில் தோட்டாக்களைக் கொட்டிக் குலுக்கினால் எல்லாம் ஒரே பக்கம் மூக்கை வைத்து வரிசையாக நின்றுவிடும். மேகசினைப் பெட்டியின் வாயில் பொருத்திக் கைப்பிடியைத் தள்ளினால் சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். கைத்துப்பாக்கிக்கு ஓர் அச்சு, ரைபிளுக்கு ஓர் அச்சு. அச்சை மாற்றிக்கொண்டால் வீட்டில் இருக்கிற எல்லாத் துப்பாக்கிக்கும் அது ஒன்றே போதும்.

அதை முதல்முதலாகச் சங்கத்துக்குக் கொண்டுபோன அன்று டெல்பர்ட் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னடா இது, தோட்டாவுக்கு மாவு மெஷினா?"

"உன் வாயை வச்சுப் பாரு, உனக்கும் நிரப்பி விடும்," என்றான் ஓரின்.

"மெஷின் நிரப்பினா அது உன் கையா?"

"கைப்பிடியைத் தள்றது உன் பாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் மட்டும் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். பிறகு, "தள்றது உன் கை. அப்ப அது உன் மேகசின்தான். போடா," என்றான். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஓரின் வழிநெடுகச் சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அந்தப் பெட்டிக்காக லீட்டா கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

விரலுக்குப் பிறகு மறதி வந்தது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். வீட்டில் இருவருமே அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. முதலில் அடுப்பு, பிறகு சாவி, பிறகு பக்கத்துப் பண்ணைக்காரரின் பெயர். ஓரினிடம் இரண்டு ரைபிள் உண்டு. போட்டிக்கு மெலிந்த தோட்டா, மான் வேட்டைக்குத் தடித்தது. தடித்தது போடும் மேகசின்களுக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்தவனே அவன்தான். போன அக்டோபரில் ஒரு நாள், டேப் சுற்றாத மேகசின் ஒன்றை நகர்த்தி வைக்கப் போன லீட்டா அதன் வாயில் தடித்த மூக்கு ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். அப்படியே கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரலால் நிரப்புகிற காலத்தில் ஒவ்வொரு தோட்டாவும் அவன் கையைத் தாண்டித்தான் போயிற்று. கண் தவறினாலும் விரல் சொல்லிவிடும். லோடருக்கு அதெல்லாம் தெரியாது. ரைபிள் அச்சில் மெலிந்ததும் நிற்கும், தடித்ததும் நிற்கும். அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டி அது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றோடு அவன் போட்டி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தத் தொப்பியைத் தலையில் வைக்கும்போதுதான் அவன் முழு ஓரினாக இருக்கிறான். மற்ற ஆறு நாளும் எதையோ தேடிக்கொண்டே திரிகிற மனிதன். அவள் துப்பாக்கி சுடுகிறவள் அல்ல, சுடுகிறவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறவள். இவனையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தீர்மானித்தாள். குளிர்காலம் முழுக்கப் பார்த்தும் கொண்டாள். நான்கு தடவை தடித்த மூக்கு அகப்பட்டது. நான்கையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியன்று காற்று பேய்த்தனமாக அடித்தது. அட்டை இலக்குகளை நிறுத்தவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. லீட்டா நேரக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டில் நின்றாள். இரண்டு சுற்றுகளில் ஓரின் நன்றாகவே சுட்டான். மூன்றாவது சுற்றில் வேறு யாரோ சுட்டுக்கொண்டிருக்கும்போது அவள் யதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். தங்கள் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி, அதன்மேல் லோடரை வைத்து ஓரின் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நாள் முழுக்கப் போதுமான மேகசின்களை நேற்றே சரிபார்த்து வைத்திருந்தாளே. புதிதாக எதற்கு நிரப்புகிறான்? கோட்டை விட்டு நகர அவளுக்கு வழியில்லை. சுடுகிறவர் முடிக்கும் வரை அதிகாரி அசையக் கூடாது. அந்த ஆள் அன்றைக்கென்று பார்த்து அத்தனை நிதானமாகச் சுட்டுத் தொலைத்தான்.

முடிந்ததும் ஓரினின் பெயரைத்தான் டெல்பர்ட் வாசித்தான். ஓரின் ஒரு தோளில் ரைபிளும் ஒரு கையில் மேகசினுமாக வந்தான். லீட்டா ஓடாத குறையாக எதிரே போனாள்.

"ஓரின், கொஞ்சம் நில்லு. மத்த மேகசின் எல்லாம் எங்க?"

"ரெண்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல. வேணும்னுதான்."

அவன் மேகசினை ரைபிளில் செருகவில்லை. கோட்டின் பக்கத்திலிருந்த மேசையில் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினான்.

"ஆபீசர், இதைக் கொஞ்சம் பாருங்க."

வீட்டில் அவன் அவளை ஒருநாளும் ஆபீசர் என்றதில்லை. கோட்டில் நிற்கும்போதுகூடக் கேலிக்குத்தான் சொல்வான். இப்போது கேலி இல்லை. மேகசினின் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை இருந்தது. மெலிந்த மூக்குகளின் வரிசை நடுவில் தடித்த மூக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

டெல்பர்ட் எழுந்து வந்தான். அவனுடைய ஒற்றைக் கண்ணும் அங்கேதான் போயிற்று. அந்தக் கண்ணுக்குத் தப்புமா என்ன? அவன் முகம் வெளுத்ததை லீட்டா பார்த்தாள்.

"லோடர்ல ஏதோ கோளாறு," என்றாள் லீட்டா அவசரமாக. "போன வாரமே அந்த அச்சு சரியில்லைன்னு நினைச்சேன். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

பச்சைப் பொய். பொய் என்பது டெல்பர்ட்டுக்கும் தெரியும். தோட்டாவைத் தட்டில் கொட்டியது அச்சு இல்லையே. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டான். ஓரின் இல்லாமல் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பான்.

"ஆமாமா," என்றான் கடைசியில். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, மாவு மெஷின்னு. சனியன் புடிச்ச பெட்டி. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குடா ஓரின். இன்னிக்கு இந்தச் சுத்தை விட்டுடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

தன் கண்ணைத் தின்ற தவற்றை எதிரில் வைத்துக்கொண்டு அந்த மனிதன் அப்படிச் சொன்னான். லீட்டாவுக்கு அவன் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது.

ஓரின் தலையை ஆட்டினான்.

"பெட்டிக்குக் கண்ணு இல்ல, டெல்பர்ட். நான் கொட்டினதைத்தான் அது தள்ளிச்சு." பிறகு அவளைப் பார்த்தான். "நேத்து ரெண்டு டப்பாவையும் பையில எடுத்து வச்சேன், லீட்டா. மெலிசு ஒண்ணு, தடிசு ஒண்ணு. இன்னிக்கு நீ பக்கத்துல இல்லாம நானே நிரப்பணும், நிரப்பிட்டு உன்கிட்டயே காட்டணும்னு நினைச்சேன். சரியா வருதா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எதுக்குடா இப்படி?" என்றான் டெல்பர்ட்.

"நீ பக்கத்துல இல்லாமன்னா?" என்றாள் லீட்டா.

ஓரின் லேசாகச் சிரித்தான். "நான் எப்பவுமே ரெண்டு தோட்டா குறைச்சுத்தான் போடுவேன். அப்பதான் ஸ்பிரிங் இறுகாது, செருகும்போது முட்டாது. இருபது வயசுலேருந்து பழக்கம். போன அக்டோபர்லேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லா மேகசினும் முட்டுது. வாய் வரைக்கும் நிரம்பிக் கிடக்குது. எங்க வீட்டுல அப்படி ஒரு கஞ்சத்தனம் இல்லாத கை யாருது?"

தோட்டா போதாதபோது டப்பாவிலிருந்து இன்னும் எடுத்து, கைப்பிடியை அது நிற்கும் வரை தள்ளுவதுதான் நிரப்புவது என்று அவள் நினைத்திருந்தாள். அவன் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. இத்தனை மாதம் துண்டு விரித்து, ஓசைப்படாமல் வைத்து, கதவை மெல்லச் சாத்தி அவள் செய்த திருட்டெல்லாம் அவன் உள்ளங்கைக்கு ஒவ்வொரு வாரமும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதை மறக்கிற மனிதனுக்கு அந்த இரண்டு தோட்டா மட்டும் மறக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தே?"

"பேசினா நிறுத்தணுமே. நீ பாத்துக்கிறேன்னுதானே சுட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஆசை விடல, லீட்டா." அவன் மேசையிலிருந்த மேகசினை ஒரு விரலால் தள்ளி வைத்தான். "ஆனா ஒரு நாள் உனக்கும் ஒண்ணு தவறும். அப்புறம் நீ டெல்பர்ட் தம்பி மாதிரி ஆயிடுவே. என் கண்ணு போனா போகட்டும். நீ வாசப்படியோட நின்னுட்டுப் போறதை நான் பாக்கணுமா?"

டெல்பர்ட் திரும்பி நின்றுகொண்டான். காற்று ஒரு இலக்கைச் சாய்த்துவிட்டது. யாரும் எடுத்து நிறுத்தப் போகவில்லை.

ஓரின் ரைபிளோடு கோட்டுக்கு வந்து நின்றான். ரைபிளின் வாயை இலக்குகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டை நோக்கித் திருப்பிப் பிடித்தான்.

"முறைப்படி சொல்லிடு," என்றான்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆயிரம் முறை அவள் சொன்ன சொற்கள்தான். சுடுகிறவன் ஓய்ந்து நிற்கும்போது அதிகாரி சொல்வது. அவள் நேரக்கருவியைப் பையில் போட்டுவிட்டு, எப்போதும் நிற்கிற மாதிரி அவன் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"முடிச்சாச்சுன்னா, இறக்கிக் காட்டு."

ரைபிளில் மேகசினே இல்லை. என்றாலும் அவன் மேகசின் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினான். பிறகு வாதம் பிடித்த விரல்களால், தோட்டா அறையைத் திறக்கும் கொக்கியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தான். அதுவும் அவனுக்கு மறக்கவில்லை. ரைபிளைச் சாய்த்து அறையை அவளுக்குக் காட்டினான்.

சுடுகிறவன் சொல்வதை நம்பி அதிகாரி காலி என்று சொல்லக் கூடாது. தன் கண்ணால் உள்ளே பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். லீட்டா குனிந்து பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் மறைத்தது. ஓரின் அவசரப்படுத்தவில்லை. வலிக்கிற விரல்களால் கொக்கியைப் பிடித்தபடியே, அவள் பார்த்து முடிக்கும் வரை அசையாமல் நின்றான்.

மூன்றாவது முறை துடைத்த பிறகு தெரிந்தது. உள்ளே தோட்டா எதுவும் இல்லை.

"காலி," என்றாள்.